தோவாளைப் பூ விலையும் பேச்சிப்பாறை நீர்மட்டமும்: தரவிலிருந்து வலைப்பக்கம் உருவாக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயிகளின் சிறு கூட்டமைப்பு ஒன்று தனக்கென ஓர் இணையதளம் அமைக்க முடிவெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நான்கு வகைப் பக்கங்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, தோவாளை மலர்ச்சந்தையின் அன்றைய விலைப்பட்டியல். இரண்டாவது, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் நீர்மட்டம். மூன்றாவது, ரப்பர் பால் கொண்டுவந்து கொடுக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பக்கம். நான்காவது, கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுப் பதிவு செய்யும் ஊழியருக்கான திரை. இவற்றுக்கு வேண்டிய விவரங்கள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன. அந்த விவரங்களை வாசகர் பார்க்கும் ஹெச்டிஎம்எல் (உலாவி படிக்கும் வலைப்பக்க மொழி) பக்கமாக மாற்றும் வேலையை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் கருவியைக் கொண்டு செய்வது என்பதுதான் முடிவு செய்யப்பட வேண்டியது.

இந்தக் கேள்வி வந்தவுடன் பலரும் கருவியின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். ரியாக்டா, ஜாங்கோவா, லாராவெலா (மூன்றும் வலைத்தளம் கட்ட உதவும் நிரல் தொகுப்புகள்) என்ற விவாதத்திலேயே கூட்டம் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு என்பது என் கருத்து: அந்தத் தரவு எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது, ஒரே பக்கத்தை மாற்றமின்றி எத்தனை பேர் பார்க்கிறார்கள். பூ விலை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. அதைப் பார்ப்பவர் அனைவருக்கும் ஒரே பக்கம் போதும். உறுப்பினர் கணக்கோ பால் ஊற்றும் ஒவ்வொரு நாளும் மாறும். அதைப் பார்க்க உரிமை உடையவர் ஒருவர்தான். இந்த இரண்டையும் ஒரே முறையில் உருவாக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே தளம் என்பதால் ஒரே முறைதான் என்று நாமே கற்பித்துக்கொள்கிறோம்.

வழிகளில் மிகப் பழையது, நிரலுக்குள்ளேயே ஹெச்டிஎம்எல் துண்டுகளை எழுதி, தரவை இடையிடையே ஒட்டி அனுப்புவது. 1995-ல் பிஎச்பி என்ற நிரல்மொழி வெளிவந்தபோது இந்த எளிமைதான் அதைப் பரப்பியது. இன்றும் ஒரு பக்கம், ஒரு அட்டவணை என்ற அளவில் இது வேலை செய்யும். ஆனால் தரவுக்குள் இருக்கும், உலாவி கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடிய குறிகளைப் பாதுகாப்பாக மாற்றும் பொறுப்பு இம்முறையில் முழுக்க நிரலாளர் தலையிலேயே விழுகிறது. ஐம்பது இடங்களில் செய்துவிட்டு ஐம்பத்தோராவது இடத்தில் மறந்தால் அதுவே பாதுகாப்பு ஓட்டையாகிவிடும்.

தமிழ்த் தரவைக் கையாளுபவர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து காத்திருக்கிறது. இடப்பக்கம் கூர்முனை கொண்ட கோணக்குறியை அடுத்து லத்தீன் எழுத்தோ, சாய்கோடு, வியப்புக்குறி, வினாக்குறி ஆகியவற்றில் ஒன்றோ வந்தால்தான் உலாவி அதை ஹெச்டிஎம்எல் குறியீட்டின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். அதை அடுத்துத் தமிழ் எழுத்தோ எண்ணோ வந்தால் சாதாரண எழுத்தாகவே திரையில் காட்டிவிடும். ஆகவே தமிழில் மட்டும் சோதித்துப் பார்க்கும் குழுவுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு ஸ்கிரிப்ட்டை ஒட்டும் நாளில்தான் குறை வெளியே வரும். சோதனைக்கான மாதிரித் தரவில் இத்தகைய வரிகளையும் வேண்டுமென்றே சேர்த்துவைப்பது நல்லது.

அடுத்தது, டெம்ப்ளேட் என்று தொழிலில் வழங்கும் வார்ப்புரு முறை. பக்கத்தின் அமைப்பு ஒரு கோப்பில் இருக்கும். தரவு வர வேண்டிய இடங்கள் அதில் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். கோரிக்கை வரும்போது சர்வர் அந்த இடங்களை நிரப்பி முழுப் பக்கத்தை அனுப்பும். இதன் முதல் பயன், குறிகளைப் பாதுகாப்பாக மாற்றுவது தானாகவே நடப்பது. ஜாங்கோவில் 2008-ல் வந்த 1.0 பதிப்பு முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. டுவிக், பிளேடு ஆகிய பிஎச்பி வார்ப்புருக் கருவிகளிலும் அப்படியே. பைத்தான் மொழியின் ஜின்ஜா வார்ப்புருக் கருவியைத் தனியாகப் பயன்படுத்தினால் அந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்கும்; பிளாஸ்க் என்ற வலைத்தொகுப்பு வழியாக ஹெச்டிஎம்எல் கோப்புகளுக்குப் பயன்படுத்தும்போது இயங்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நிரலை எடுத்துச் செல்வோர் கவனிக்க வேண்டும். கோ (Go) என்ற நிரல்மொழியின் வார்ப்புருத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், தரவு விழும் இடம் உரையா, இணைப்பு முகவரியா, ஸ்கிரிப்ட்டா என்று பார்த்து அதற்கேற்ப மாற்றுகிறது. இணைப்பு முகவரியில் விழும் தரவுக்கு உரைக்கான மாற்றம் மட்டும் போதாது என்பதால், இந்த வேறுபாடு பாதுகாப்புக்கு முக்கியமானது.

இரண்டாவது பயன் பராமரிப்பு. நம் மாவட்டத்தில் பொறியியல் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை; ஆனால் அவர்களில் பலர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். தளத்தை எழுதியவர் போன பிறகு, ‘சம்பங்கி’க்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்கவோ தலைப்பை மாற்றவோ அலுவலகத்தில் இருப்பவர் வார்ப்புருக் கோப்பைத் திறந்து செய்துவிட முடிய வேண்டும். நிரலும் அமைப்பும் பிரிந்திருந்தால்தான் அது நடக்கும்.

அந்தப் பிரிவு தானாக நிலைத்துவிடாது. பூ விலையையே எடுத்துக்கொள்வோம். மல்லிகை, பிச்சி, அரளி, கிரேந்தி போன்றவை கிலோ கணக்கில் விலை போகின்றன. தாமரையை எண்ணி விற்கிறார்கள். ரோஜா சில வேளைகளில் பாக்கெட்டாக வருகிறது. ‘அலகு கிலோ என்றால் இப்படி, எண்ணம் என்றால் அப்படி, விலை வராத நாளில் இன்னொருபடி’ என்று நிபந்தனைகளை வார்ப்புருவுக்குள் அடுக்கத் தொடங்கினால், சில மாதங்களில் அந்தக் கோப்பு பழைய ஒட்டுப்போட்ட நிரலைவிட மோசமாகிவிடும். வார்ப்புருவுக்குப் போவதற்கு முன்பே, ‘பெயர்’, ‘காட்ட வேண்டிய விலை’, ‘காட்ட வேண்டிய அலகு’, ‘நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா’ என்ற அளவுக்குத் தரவைச் சமைத்துவிட வேண்டும். வார்ப்புருவின் வேலை பரிமாறுவது மட்டுமே.

தமிழ் வார்ப்புருவில் எல்லாவற்றையும்விட அதிகமாக இடறும் இடம் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு தனிச் சொல்லை வைத்துவிட்டால் வாக்கியம் முடிந்துவிடும். தமிழில் பெயரோடு உருபு ஒட்டும்போது பெயரே உருமாறுகிறது. தோவாளை என்பது தோவாளையில் ஆகும். நாகர்கோவில் என்பது நாகர்கோவிலில் ஆகும். ஆனால் முட்டம் என்பது முட்டத்தில் என்றும், குலசேகரம் என்பது குலசேகரத்தில் என்றும், திருவட்டாறு என்பது திருவட்டாற்றில் என்றும் மாறும். வெற்றிடத்தை அடுத்து ‘இல்’ என்று எழுதிவைத்த வார்ப்புரு ‘முட்டம்இல்’ என்று அச்சிட்டுக் கூட்டமைப்பின் மானத்தை வாங்கும். இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. பெயர் மாற்றத்துக்கான இலக்கண விதிகளை நிரலாக எழுதலாம். விதிவிலக்குகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் சிறு தளத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊர்ப் பட்டியலில் ‘இல்’ உருபு ஏற்ற வடிவத்தைத் தனி நெடுவரிசையாகச் சேமித்துவைக்கலாம். ஊர்கள் சில நூறுக்குள் இருந்தால் இது நம்பகமானது. மூன்றாவது வழி வாக்கியத்தையே மாற்றி எழுதுவது: ‘முட்டம் துறைமுகத்தில்’, ‘திருவட்டாறு வட்டத்தில்’, ‘தோவாளை சந்தையில்’ என்று உருபைத் தாங்க ஒரு பொதுப்பெயரைப் பின்னால் வைத்துவிட்டால், முன்னால் வரும் பெயர் எதுவாக இருந்தாலும் மாறாது. காசு செலவில்லாத தீர்வு இது. மொழி நடையும் கெடுவதில்லை.

எழுத்தை வெட்டும் இடமும் அப்படித்தான். பட்டியலில் நீளமான பெயர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நிறுத்திப் புள்ளி வைக்கும் வசதி வார்ப்புருக் கருவிகளில் பரவலாக உண்டு. ‘கன்னியாகுமரி’ என்ற பெயரில் நம் கண்ணுக்குத் தெரிவது 7 எழுத்துகள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது 12 குறியீட்டுப் புள்ளிகள் (உயிர்க்குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும்). அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 36 பைட்டுகள். குறியீட்டுப் புள்ளிகளை எண்ணி 11-ல் வெட்டினால் ‘கன்னியாகுமர’ என்று நிற்கும். பைட்டுகளை எண்ணி வெட்டினால் கடைசியில், உடைந்த எழுத்தைக் காட்டும் கறுப்பு வைரத்துக்குள் வினாக்குறி முளைக்கக்கூடும். ஆகவே வெட்டும் வேலையை எழுத்துக் கூட்டுகளை அறிந்த நூலகத்திடமோ, உலாவியில் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பாணித் தாளிடமோ (சிஎஸ்எஸ்) விட்டுவிட வேண்டும்.

இனி, பக்கத்தை முன்கூட்டியே உருவாக்கிவைக்கும் முறைக்கு வருவோம். 2008-ல் வந்த ஜெக்கில், 2013-ல் வந்த ஹியூகோ போன்ற கருவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. வார்ப்புரு அதேதான், நிரப்பும் நேரம் மட்டும் வேறு. வாசகர் கேட்கும்போது நிரப்பாமல், தரவு மாறும்போது ஒருமுறை நிரப்பிக் கோப்பாக வைத்துவிடுகிறோம். அதன்பின் ஆயிரம் பேர் கேட்டாலும் சர்வர் அந்தக் கோப்பைத் தூக்கிக் கொடுப்பதோடு சரி. தரவுத்தளத்தைத் தொட வேண்டியதில்லை. பூ விலைப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. ஓணத்துக்கு முந்தைய நாள்களில் கேரளத்துக்குப் போகும் பூவின் விலை ஏறும்போது எல்லோரும் ஒரே வேளையில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். அப்போது ஒவ்வொருவருக்காகவும் தரவுத்தளத்தைக் கேட்டு ஒரே அட்டவணையை மீண்டும் மீண்டும் நிரப்புவது வீண் வேலை.

இந்த முறையைக் கையாள்வோர் ஒரு சிறு ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். புதிய பக்கத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதக் கூடாது; தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால், எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் பக்கத்தைத் திறப்பவருக்குப் பாதி அட்டவணைதான் கிடைக்கும்.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. தோவாளையில் வியாபாரம் விடியும் முன்பே தொடங்கிவிடும். வாடகைக்கு எடுக்கும் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அது நம் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. அதிகாலை 4 மணிக்கு விலையைப் பதிவு செய்தால் சர்வருக்கு அது முந்தைய நாள் இரவு 10.30. ஆகவே காலை 5.30 வரை உருவாகும் பக்கங்கள் அனைத்தும் நேற்றைய தேதியைச் சுமந்து நிற்கும். இதற்கு மருந்தாகத் தேதியை வாசகரின் கைபேசியில் கணக்கிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர்க்காரர்களில் எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். துபாயில் இருப்பவரின் கைபேசி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. நள்ளிரவு தாண்டியவுடன் அவருக்கு அதே பிழை வேறு வேடத்தில் வரும். எங்கே கணக்கிட்டாலும் இந்திய நேரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுக் கணக்கிடுவதுதான் வழி.

அணை நீர்மட்டப் பக்கம் முதற்பார்வைக்குப் பூ விலையைப் போலவே தோன்றும். சாதாரண நாள்களில் காலையில் ஒருமுறை அளவெடுத்தால் போதும். 48 அடி வரை நீர் தேக்கும் பேச்சிப்பாறையின் நீர்மட்டமும் 77 அடி வரை தேக்கும் பெருஞ்சாணியின் நீர்மட்டமும் மெதுவாகத்தான் நகரும். ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. மலையில் தொடர்ந்து கொட்டும்போது உபரிநீர் திறக்கப்படும்; கோதையாற்றில் வெள்ளம் வரும்; திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள். அந்த நாள்களில் மணிக்கு ஒருமுறை எண் மாறலாம். அப்போதும் முன்கூட்டியே உருவாக்கும் முறையைக் கைவிட வேண்டியதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை என்று வைக்காமல், புதிய அளவு பதிவாகும் ஒவ்வொரு முறையும் பக்கம் தானே உருவாகும்படி அமைத்தால் போதும்.

உண்மையான சிக்கல் இடையில் இருக்கும் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) அடுக்குகளில் உள்ளது. பூ விலைப் பக்கத்தை உலாவியும் சிடிஎன்னும் (பக்கத்தின் நகலை வாசகருக்கு அருகில் வைத்துத் தரும் சர்வர் வலை) ஒரு மணி நேரம் சேமித்து வைத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. வெள்ள நாளில் நீர்மட்டத்தை ஒரு மணி நேரம் பழையதாகக் காட்டுவது தவறான தகவல் தருவதற்குச் சமம். ஆகவே இப்பக்கத்துக்குச் சேமிப்புக் காலத்தை ஓரிரு நிமிடத்துக்குள் வைத்து, பக்கம் மாறவில்லையென்றால் ‘மாற்றமில்லை’ என்ற 304 பதிலோடு சர்வர் முடித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். பக்கத்தில் அச்சிட வேண்டிய நேரம் எது என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். பக்கம் உருவான நேரத்தை அச்சிடுவது எளிது. ஆனால் வாசகருக்கு வேண்டியது அளவெடுத்த நேரம். அளவெடுப்பவர் வரவில்லையென்றால் பக்கம் பத்து முறை புதிதாக உருவாகியும் எண் பழையதாகவே இருக்கும்.

முன்கூட்டியே உருவாக்கிய பக்கத்துக்குத் தான் பழசாகிவிட்டது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியது அதைத் திறக்கும் கைபேசியின் கடிகாரம் மட்டுமே. எனவே, அளவெடுத்த நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் இடைவெளி கூடிவிட்டால் ‘இது பழைய அளவு’ என்று மேலே ஒரு பட்டையைக் காட்டும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட்டை இந்தப் பக்கத்தில் சேர்ப்பேன். இந்தத் தளத்தின் பொதுப் பக்கங்களில் உலாவியில் இயங்கும் நிரலுக்கு நான் முழு மனதோடு இடம் தரும் இடம் அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் உலாவியிலேயே உருவாக்கும் முறையை இனி எடுத்துக்கொள்ளலாம். சர்வர் ஏறக்குறைய வெறுமையான பக்கம் ஒன்றை அனுப்பும். அதோடு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கட்டு வரும். அது இயங்கத் தொடங்கிய பிறகு தரவை ஜேசன் என்ற தரவு வடிவில் கேட்டு வாங்கி, கைபேசிக்குள்ளேயே பக்கத்தைக் கட்டும். ரியாக்ட் 2013-ல் பொதுவெளிக்கு வந்த பிறகு இந்த முறைதான் புதியது, மற்றவை பழையவை என்ற எண்ணம் படித்து வெளிவரும் மாணவர்களிடையே ஆழமாகப் பதிந்துவிட்டது. இதன் வலிமையை நான் மறுக்கவில்லை; கீழே அதற்கு உரிய இடம் வருகிறது. பொதுமக்கள் படிக்கும் பக்கங்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

காரணம் முதலில் வலைத்தொடர்பு. முழுப் பக்கத்தை சர்வர் அனுப்பினால் ஒரு கோரிக்கையோடு உள்ளடக்கம் வந்து சேர்ந்துவிடும். உலாவியில் கட்டும் முறையிலோ பக்கம், அதன் பின் நிரல், அதன் பின் தரவு என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை போய்வர வேண்டும். நாகர்கோவிலில் உட்கார்ந்து சோதிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. கீரிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பகுதிகளில் சிக்னல் வந்து வந்து போகும்போது, மூன்றில் ஒன்று விழுந்தாலும் வாசகர் காண்பது சுழலும் வட்டத்தை மட்டுமே. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை இம்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளையில் மிச்சமிருக்கும் சார்ஜில், கிடைக்கும் ஒரு கோட்டு சிக்னலில் ஒரே கோரிக்கையில் திறக்கும் பக்கம்தான் உதவும்.

அடுத்த காரணம் வாட்ஸ்அப். நம் ஊரில் இணைப்புகள் பரவுவது தேடுபொறி வழியாக அல்ல, குழுக்கள் வழியாகத்தான். இணைப்பைப் பகிரும்போது தலைப்பும் சுருக்கமும் கொண்ட முன்தோற்றம் ஒன்று வருகிறது அல்லவா, அது சர்வர் அனுப்பும் ஹெச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் எழுதியிருப்பதிலிருந்து எடுக்கப்படுவது. அங்கே ஜாவாஸ்கிரிப்ட் இயங்குவதில்லை. உலாவியில் கட்டும் பக்கத்தைப் பகிர்ந்தால் எந்த நாளின் எந்தப் பக்கமாக இருந்தாலும் தளத்தின் பொதுப்பெயர் மட்டுமே முன்தோற்றமாக வரும். ‘பிச்சி விலை இன்று’ என்று வர வேண்டிய இடத்தில் அது ஒரு பெரிய இழப்பு.

தரவின் எடையிலும் தமிழுக்கு ஒரு கூடுதல் செலவு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீட்டுப் புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். பிஎச்பியும் பைத்தானும் ஜேசன் உருவாக்கும்போது, நாம் வேண்டாமென்று சொல்லாவிட்டால், ஒவ்வொரு தமிழ்ப் புள்ளியையும் பின்சாய்கோட்டோடு கூடிய எண்வடிவமாக மாற்றிவிடும். அப்போது அது 6 பைட்டுகளாகும். மேலே சொன்ன ‘கன்னியாகுமரி’ 36-லிருந்து 72 பைட்டாக வீங்கிவிடும். சுருக்கி அனுப்பும்போது இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்றாலும், அந்த மாற்றத்தை நிறுத்த ஒரு சிறு அமைப்பே போதும் என்பதால் நிறுத்திவிடுவதே முறை. பிஎச்பியில் 5.4 பதிப்பிலிருந்து அதற்கான தேர்வு இருக்கிறது.

சர்வரில் கட்டுவது, உலாவியில் கட்டுவது ஆகிய இரண்டு முறைகளையும் கலக்கும் வழியும் இருக்கிறது. 2016-ல் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்றவை சர்வரில் ஒருமுறை பக்கத்தைக் கட்டி அனுப்பி, உலாவிக்குள் அதே நிரலை மீண்டும் உயிர்ப்பிக்கின்றன. வேகமும் கிடைக்கும், முன்தோற்றமும் வரும். ஆனால் தரவு ஹெச்டிஎம்எல்லாக ஒருமுறை, ஜேசனாக ஒருமுறை என இரண்டு தடவை பயணிக்க நேரிடுகிறது. சர்வரில் தேதியும் எண்ணும் ஒரு விதமாகவும் கைபேசியில் வேறு விதமாகவும் வடிவமைக்கப்பட்டால் இரண்டும் பொருந்தாமல் எச்சரிக்கை எழும். 1,00,000 என்பதை ஓரிடம் 100,000 என்று எழுதினாலே போதும். பெரிய குழுவுக்கு இது தாங்கக்கூடிய சுமை. இரண்டு பேர் பகுதிநேரமாகப் பார்த்துக்கொள்ளும் தளத்துக்கு இதை நான் ஏற்க மாட்டேன். சிறு அளவு ஊடாட்டம் வேண்டுமென்றால், கடந்த மாத விலையைப் பூ வாரியாக வடிகட்டிப் பார்ப்பது போன்றவற்றுக்கு, சர்வரே ஹெச்டிஎம்எல் துண்டை அனுப்பி அந்த இடத்தை மட்டும் மாற்றும் ஹெச்டிஎம்எக்ஸ் வகைக் கருவி போதுமானது. வார்ப்புருவை இரண்டு நிரல்மொழிகளில் எழுத வேண்டிய தேவையும் இல்லை.

எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரை வடிவில் உள்ள தரவை எக்ஸ்எஸ்எல்டி என்ற மாற்று மொழி கொண்டு பக்கமாக மாற்றும் முறையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1999-ல் தரநிலையான இம்முறையில் தரவும் தோற்றமும் மிகத் தூய்மையாகப் பிரிந்திருந்தன. அரசு, பதிப்புத் துறைகளின் பழைய அமைப்புகளில் இன்னும் ஓடுகிறது. ஆனால் உலாவிக்குள் அதை நம்பியிருப்பது இனி சரியில்லை. குரோம் உலாவியிலிருந்து அதை நீக்கும் எண்ணத்தை அதன் குழு 2025-ல் அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதை விட்டுவிடலாம்.

உறுப்பினர் கணக்குப் பக்கம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. ஒவ்வொருவருக்கும் வேறு, உள்நுழைந்தவருக்கு மட்டுமே உரியது, மாறிக்கொண்டே இருப்பது. இதை முன்கூட்டியே கோப்பாக உருவாக்கி வைப்பது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. முகவரியை ஊகித்து அடுத்தவர் கணக்கைத் திறக்க வழி பிறக்கும். கோரிக்கை வரும்போது சர்வரில் வார்ப்புருவை நிரப்பி அனுப்புவதே இதற்குச் சரி. அதோடு, இடையில் எந்தப் பொதுச் சேமிப்பும் இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று, சர்வர் பதிலோடு அனுப்பும் தலைப்புக் குறிப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூ விலைப் பக்கத்துக்குப் போட்ட அதே கேஷ் அமைப்பு தவறுதலாக இதற்கும் பொருந்திவிட்டால், ஒருவர் கணக்கு இன்னொருவர் திரையில் தெரியும். பக்கம் வகை வாரியாக முகவரிகளைத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்தால் இந்தத் தவறுக்கு வழி குறையும்.

இந்தப் பக்கத்தில் பணம் இருக்கிறது. பால் எடையும் அதிலுள்ள உலர் ரப்பர் விகிதமும் அன்றைய விலையும் சேர்ந்துதான் தொகை. அந்தக் கணக்கை வார்ப்புருவிலோ உலாவியிலோ செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண்கள் பல தசம எண்களைத் தோராயமாகவே வைத்திருக்கும் இரும மிதவைப் புள்ளி எண்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை. நிலையத்தில் தந்த சீட்டில் ஒரு தொகையும் திரையில் ஒரு பைசா கூடவோ குறையவோ இருந்தால், பால் ஊற்றுபவர் பைசாவைப் பார்க்க மாட்டார், கணக்கு எழுதுபவரின் முகத்தைப் பார்ப்பார். தொகையைப் பைசாவில் முழு எண்ணாக ஒரே இடத்தில் கணக்கிட்டுச் சேமித்துவிட வேண்டும்; சீட்டும் பக்கமும் அதை எடுத்துக் காட்டினால் போதும்.

தரவு உள்ளே வரும் வாசலிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய அலுவலகக் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், அவற்றைப் பக்கம் உருவாக்கும் நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. தரவுத்தளத்துக்குள் நுழையும்போதே யூனிகோடாக்கிவிட வேண்டும். யூனிகோடிலும் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகச் சேமிக்க இயலும்: ஒரே உயிர்க்குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் ஒரே வடிவமாக்கும் இயல்பாக்கம் செய்யாவிட்டால் ‘கோழிக்கொண்டை’ என்ற பூ பட்டியலில் இரண்டு வரிகளாக, இரண்டு விலைகளோடு நிற்கும். இந்தக் குறையை எந்த வார்ப்புருவாலும் சரிசெய்ய முடியாது.

எடை போடுபவருக்கான நான்காவது திரையில்தான் உலாவியில் கட்டும் முறை தன் தகுதியைக் காட்டுகிறது. காலையில் வரிசை நிற்கும். உறுப்பினர் எண்ணை அடித்தவுடன் பெயர் வர வேண்டும். எடையை அடித்தவுடன் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் முழுப் பக்கமும் மீண்டும் ஏறிக்கொண்டிருந்தால் வரிசை நகராது. இணைப்பு அறுந்தாலும் பதிவு நிற்கக் கூடாது. கருவிக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு, இணைப்பு திரும்பியதும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். சர்விஸ் வொர்க்கர், இண்டெக்ஸ்டு டிபி போன்ற உலாவி வசதிகள் இதற்காகவே இருக்கின்றன. வாட்ஸ்அப் முன்தோற்றமும் தேடுபொறியும் இங்கே பொருட்டல்ல. நிரல் கட்டு பெரிதாக இருந்தாலும் அது ஒருமுறை இறங்கினால் போதும். பார்ப்பவர் தினமும் அதே ஊழியர், அதே கருவி. பொதுப் பக்கங்களில் இம்முறைக்கு எதிராக மேலே சொன்ன குறைகளில் ஒன்றுகூட இந்தத் திரைக்குப் பொருந்தவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இணைப்பின்றிச் சேமித்த பதிவு இரண்டு முறை சர்வருக்குப் போய்விடக் கூடாது என்பதால், ஒவ்வொரு பதிவுக்கும் கருவியிலேயே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் புறக்கணிக்கும்படி அமைக்க வேண்டும்.

கட்டும் வரிசையையும் சொல்லிவிடலாம். முதலில் ஜாங்கோ, லாராவெல் ஆகியவற்றில் குழுவுக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு தரவுத்தளமும் உறுப்பினர் பக்கமும் எழுதப்பட வேண்டும். அதே வார்ப்புருக்களைப் பயன்படுத்தி, பதிவு நடக்கும்போதெல்லாம் பூ விலை, நீர்மட்டப் பக்கங்களைக் கோப்பாக எழுதும் சிறு கட்டளை ஒன்றைச் சேர்க்கலாம். அதற்கெனத் தனிக் கருவி தேவையில்லை. எடைத் திரை கடைசியில் வரட்டும். அதுவரை சாதாரணப் படிவம் ஒன்று வேலையை ஓட்டும். கொள்முதல் நிலையங்கள் பின்னாளில் இரண்டு மூன்றாகப் பெருகினால் அந்தத் திரையை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மற்ற மூன்று வகைப் பக்கங்களும் இருந்தபடியே இருக்கலாம்.